லொறியின் சுமைத்தட்டில் ஒளிப்பட்டி விளக்கு: ஊவாப் பகுதிக் கமக்காரரும் சாரதிகளும் அறியவேண்டியவை

ஊவாவின் மலைச்சரிவுகளிற் பொழுது விரைந்து சாயும். நமுனுகுல மலையின் நிழல் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் விழுந்தபின், ஆறு மணி அளவிற் கொழுந்து மடுவத்தைச் சுற்றி இருள் சூழ்ந்துவிடுகிறது. ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள மழைக்காலத்தில் மூடுபனியும் சேர்ந்துகொண்டால், ஐந்தரை மணிக்கே தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாகக் காண இயலாது. அன்றைய இறுதி நிறுவை நடப்பதோ அந்த வேளையிலேதான்.

அந்த நிறுவையிற் பல விடயங்கள் தங்கியுள்ளன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும், குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடுவது தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். காலை முதல் மலையில் நின்று கொழுந்து கொய்த பெண்ணுக்கு, இருளில் ஒரு கிலோ தவறாக வாசிக்கப்படுவது சிறு பிழை அன்று. தன் கூடையின் நிறையைத் தன் கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்ள அவளுக்கு வெளிச்சம் வேண்டும். தோட்டத்தைச் சாராத சிறு தேயிலை உடைமையாளர் வீதியோரத்திற் கொழுந்து லொறிக்காகக் காத்திருக்கும்போதும் நிலைமை இதுவே.

மரக்கறி லொறிகளுக்கோ இரவே வேலைநேரம். வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை ஆகிய இடங்களில் விளையும் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி என்பன மாலையில் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையத்திலோ வீதி ஓரத்திலோ லொறியில் ஏற்றப்படுகின்றன. 2020 இற் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம்மாறிய மனிங் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் அவை விடியுமுன் போய்ச் சேர வேண்டும். ஆதலின் மூட்டைகளை ஏற்றுவோர் சுமைத்தட்டின் இருண்ட மூலையிற் கால் வைக்கும் இடம் தெரியாமல் வேலை செய்வது அன்றாட நிகழ்ச்சி. முறிந்த பலகையிற் கால் அகப்படுவதும், கட்டுக்கயிறு தளர்ந்திருப்பதைக் காணாது விடுவதும் இதனால் நேர்வன.

முன்னர் இதற்கு அரிக்கன் விளக்கும் பெற்றோமாக்ஸும் பயன்பட்டன. சாக்கும் வைக்கோலும் நிறைந்த தட்டில் எரியும் விளக்கைத் தொங்கவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை. பின்னர் வந்த இழை விளக்குகள் தீச்சுவாலையை நீக்கின. ஆயினும் அவை பற்றரியை விரைவில் வற்றச் செய்தன. குலுக்கத்தில் இழை அறுந்தும் போயின. இன்று அவற்றின் இடத்தை எல்.ஈ.டி. என மக்கள் வழங்கும் ஒளிகாலும் இருவாயிகள் பெற்றுவிட்டன. கட்புலனாகும் சிவப்பொளி தரும் இருவாயியை அமெரிக்காவில் நிக் ஹொலோனியக் 1962 இல் அமைத்தார். வெண்ணொளிக்கு வழி திறந்தது நீல இருவாயி. அதனை ஆக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு கிடைத்தது. இத்தகைய இருவாயிகளை நெகிழும் நாடாவில் வரிசையாகப் பதித்துச் சுருளாக விற்பதே ஒளிப்பட்டி.

ஒளிப்பட்டி விலை குறைந்தது, ஒட்டுவதும் எளிது. அதனாலேயே அது கவனமின்றிப் பொருத்தப்படுகிறது. பட்டி தொட்டாற் சுடுவதில்லையாகையால் அதிலே தீயாபத்து இல்லை எனப் பலர் எண்ணுகின்றனர். தீ பெரும்பாலும் பட்டியில் தொடங்குவதில்லை. பற்றரிக்கும் பட்டிக்கும் இடையே ஓடும் கம்பியிலேதான் தொடங்குகிறது. இத்துண்டுப்பிரசுரத்தின் பெரும்பகுதி கம்பியைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

முதலில் அறியவேண்டியது: லொறியின் வோல்ற்றளவு

சிறு லொறிகள் பலவற்றில் 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்று இருக்கும். பெரிய லொறிகளில் 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற்று பெறப்படும். நடுத்தர லொறிகளில் இரு வகையும் உள்ளன. ஆகவே உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாது, மானியினால் அளந்து பார்த்தபின்னரே பட்டியை வாங்க வேண்டும். 12 வோல்ற்றுப் பட்டியை 24 வோல்ற்றில் இணைத்தால் அது கணப்பொழுதிற் கெட்டுவிடும். 24 வோல்ற்றுப் பட்டியை 12 வோல்ற்றில் இணைத்தால் ஒளிராது, அல்லது மிக மங்கலாகவே ஒளிரும்.

24 வோல்ற்று லொறியில் 12 வோல்ற்றுப் பட்டியை எரிப்பதற்குச் சிலர் ஓர் உபாயம் செய்வதுண்டு. இரு பற்றரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுத்துவிடுகின்றனர். விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் ஒரு பற்றரி வற்ற, மற்றது நிறைந்தபடி இருக்கும். இயந்திரம் ஓடும்போது இரண்டிற்கும் ஒரே மின்னோட்டமே ஏறுவதால், வற்றியது ஒருபோதும் நிறைவதில்லை. நிறைந்தது மிகையாக ஏற்றப்பட்டு நீரை இழக்கிறது. சில மாதங்களில் இரண்டும் பழுதாகும். பட்டியில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பன்மடங்கு பற்றரியிற் போய்விடும். 24 வோல்ற்று லொறிக்கு 24 வோல்ற்றுப் பட்டியை வாங்குவதே நேரான வழி.

இன்னுமொன்று. 12 வோல்ற்று என்று வழங்கும் லொறியில், இயந்திரம் ஓடும்போது உள்ள அளவு 12 அன்று, 13.8 முதல் 14.4 வரை உயரும். சாதாரண 12 வோல்ற்றுப் பட்டியில் மூன்று இருவாயிகளும் ஒரு தடையும் தொடராக ஒரு கூறாக அமைந்துள்ளன. மூன்று இருவாயிகளும் சேர்ந்து ஏறத்தாழ 9 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ற்றே தடையின் பங்கு. அளவு 14.4 ஆனால் தடையின் பங்கு 5 வோல்ற்றையும் கடக்கும். அதற்கேற்ப மின்னோட்டமும் ஒன்றரை மடங்கிற்கு மேலாகும். பட்டி அதிகப் பிரகாசத்துடன் ஒளிர்வதைக் கண்டு சாரதி மகிழலாம்; இருவாயிகளோ சூடேறிச் சில வாரங்களில் ஒவ்வொன்றாக மங்கும். லொறி நிற்கையில் மட்டும் எரியும் விளக்கிற்கு இது பெருங்குறை அன்று. இயந்திரத்தை ஓடவிட்டபடியே நெடுநேரம் ஏற்றுவோர், வாகனங்களுக்கென 9 முதல் 16 வோல்ற்று வரை தாங்குமாறு செய்யப்பட்ட பட்டியையோ, வெளியீட்டை 12 வோல்ற்றில் நிறுத்தும் சீராக்கியையோ பயன்படுத்தல் நன்று.

கணக்கிட்டுப் பார்த்தல்

எவ்வளவு மின்னோட்டம் செல்லும் என அறியாமற் கம்பியையோ உருகியையோ தெரிந்தெடுக்க முடியாது. கணக்கு எளியதே. சந்தையிற் கிடைக்கும் பட்டிகளுள் மெல்லியவை மீற்றருக்கு 4.8 வாற்றும், வலுவானவை மீற்றருக்கு 14.4 வாற்றும் எடுக்கும். இவ்விலக்கம் சுருளின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். பதினான்கு அடி நீளமுள்ள தட்டின் இரு பக்கங்களிலும் நான்கு மீற்றர் வீதம் எட்டு மீற்றர் பட்டி வேண்டும். மெல்லிய வகையாயின் மொத்தம் 38.4 வாற்று. அதனை 12 ஆற் பிரித்தால் 3.2 அம்பியர், 24 ஆற் பிரித்தால் 1.6 அம்பியர். வலுவான வகையாயின் 115 வாற்று, அதாவது 12 வோல்ற்றில் 9.6 அம்பியர். மூட்டை ஏற்றுவதற்கும் தராசைப் பார்ப்பதற்கும் மெல்லிய வகையே போதும். வலுவான வகையை வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் கண்கூச்சமே.

இனிக் கம்பி. பற்றரியிலிருந்து ஆளி வழியாகத் தட்டின் முற்பக்கம் வரை ஆறு மீற்றர் எனக் கொள்க. மின்னோட்டம் போகவும் மீளவும் வேண்டுமாதலின் கம்பியின் நீளம் பன்னிரண்டு மீற்றர். அரைச் சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செப்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 0.42 ஓம். 3.2 அம்பியர் பாயும்போது 1.3 வோல்ற்று கம்பியிலேயே இழக்கப்படும். பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் வீண். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இந்த இழப்பு அரை வோல்ற்றுக்கும் குறையும். விலை வேறுபாடு சிறிதே. வீட்டு மின்னிணைப்புக்குரிய ஒற்றைத் தடிக் கம்பியை லொறியில் இடலாகாது. இடையறாத குலுக்கத்தில் அது ஒரே இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே முறியும். வெளியுறை முழுமையாக இருப்பதால் முறிவு கண்ணிற்படாது. பல நுண்ணிழைகளாலான வாகனக் கம்பியே உகந்தது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் மலிவாகக் கிடைக்கிறது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும்; அதனைத் தவிர்க்க.

உருகி ஏன், எங்கே, எவ்வளவு

பெரும்பாலான தீவிபத்துகளின் வரலாறு ஒரே மாதிரியானது. கம்பி ஒன்று அடிச்சட்டத்தின் துளை வழியே செல்கிறது. துளையின் விளிம்பு கூர்மையானது. தோட்டத்துக் கற்பாதையில் லொறி குலுங்கும் ஒவ்வொரு முறையும் உறை சிறிது தேய்கிறது. ஒருநாள் செம்பு இரும்பைத் தொடுகிறது. அவ்வேளை பற்றரி தரவல்ல மின்னோட்டம் நூற்றுக்கணக்கான அம்பியர். மெல்லிய கம்பி சில கணங்களிற் செந்நிறமாகி, உறை உருகி, அருகிலுள்ள சாக்கிலோ எண்ணெய் படிந்த பலகையிலோ தீப்பற்றும். சாரதி அப்போது தேநீர்க்கடையில் இருக்கலாம். ஏற்றுவோர் தட்டின் உள்ளே இருக்கலாம்.

உருகி இதனைத் தடுப்பதற்கே உள்ளது. இங்கு இரு தவறுகள் வழமையாக நேர்கின்றன. ஒன்று, உருகியை விளக்கின் அருகே வைத்தல். அவ்வாறாயின் பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பி முழுவதும் காவலின்றி நிற்கும். உருகி காப்பது விளக்கை அன்று, கம்பியை. ஆதலின் அது பற்றரியின் நேர்முனையிலிருந்து ஏழெட்டு அங்குலத்துக்குள் இருத்தல் வேண்டும்.

மற்றது, ஏற்கெனவே உருகிப்பெட்டியிலுள்ள பெரிய உருகியிலிருந்து கிளை எடுத்தல். 30 அம்பியர் உருகியிலிருந்து அரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பி ஒன்று எடுக்கப்பட்டதாகக் கொள்க. அதன் கடைசி முனையில் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. மேற்கூறிய 0.42 ஓம் தடை இடையே இருப்பதால் பாயும் மின்னோட்டம் 28 அம்பியர் அளவே. 30 அம்பியர் உருகி இதனைக் குற்றமெனக் கொள்ளாது, எரியாது. சில அம்பியரே செல்லவேண்டிய கம்பி 28 அம்பியரைச் சுமந்து, தானே உருகியாகிவிடும். 5 அம்பியர் உருகி ஒன்று இருந்திருந்தால் ஒரு கணத்தில் இணைப்பு அறுந்திருக்கும்.

3.2 அம்பியர் எடுக்கும் மேற்படி பட்டிக்கு 5 அம்பியர் உருகி; 24 வோல்ற்றாயின் 3 அம்பியர் போதும். தகட்டு உருகிகளில் 3 அம்பியர் ஊதா நிறம், 5 அம்பியர் இளம்பழுப்பு, 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உருகி எரிந்தால் அதே நிறத்தை இடுக. இரண்டாம் முறையும் எரிந்தால் உருகியிற் குற்றமில்லை. கம்பி எங்கோ தேய்ந்திருக்கிறது. இரவு நேரத்தில் வழியில் அகப்பட்டோர் சிகரட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி உருகிக்குப் பதிலாக வைப்பதுண்டு. சுமைத்தட்டின் விளக்கு எரியாவிட்டால் ஒரு கைவிளக்கு போதும். வெள்ளித்தாளுக்கு அங்கே எந்த அவசியமும் இல்லை.

கம்பியைக் கொண்டுசெல்லும் வழி

வேலை தொடங்குமுன் பற்றரியின் மறைமுனையை முதலிற் கழற்றுக; வேலை முடிந்தபின் அதனையே இறுதியிற் பூட்டுக. காரணம் இது: மறைமுனை லொறியின் உடலோடு இணைந்துள்ளது. அதனை விட்டுவிட்டு நேர்முனையைக் கழற்றும்போது சாவி உடலிற் பட்டால் நேரே குறுஞ்சுற்று உண்டாகும். மறைமுனை முன்னரே விலகியிருந்தால் சாவி உடலிற் பட்டாலும் தீப்பொறி எழாது. மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருவதால் அதனருகே பொறி எழுவது வெடிப்புக்கே இடமாகும். மோதிரம், காப்பு என்பவற்றையும் கழற்றிவைக்க வேண்டும். பற்றரி முனைக்கும் உடலுக்கும் இடையே அகப்பட்ட மோதிரம் விரலையே வேகவைத்துவிடும்.

கம்பி புகைக்குழாயின் அருகே செல்லலாகாது. எரிபொருட் குழாயோடும் தடுப்புக் குழாயோடும் சேர்த்துக் கட்டலாகாது. அடிச்சட்டத்தின் உட்புறமாக, கல் தெறிக்காத பக்கத்தில், நெளிவுள்ள பிளாஸ்ரிக் குழாயினுள்ளே இட்டு, ஓர் அடிக்கு ஒரு கட்டு வீதம் இறுக்கப்பட வேண்டும். உலோகத் துளை ஒவ்வொன்றிலும் இறப்பர் வளையம் இருத்தல் வேண்டும். இறப்பர் வளையம் மறந்துபோகும் இடமே பின்னர் தீப்பற்றும் இடம். ஓட்டுநர் அறை முன்னே சாயும் வகையினதாயின், சாயும் அளவுக்குக் கம்பியில் தளர்வு விடப்பட வேண்டும். இல்லையேல் முதன்முறை அறையைச் சாய்க்கும்போதே கம்பி அறும்.

மீளும் கம்பியைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு கராஜுகளில் உண்டு. உடலே மறைமுனையாதலின் ஒரு கம்பி போதும் என்பர் சிலர். இழுவையறையில் அது சரி. ஊவாவிலுள்ள லொறிகள் பலவற்றின் சுமைத்தட்டோ மரப்பலகையாலானது. அதிலுள்ள இரும்புக் கோணங்களும் திருகாணிகளும் துருவேறி, சில இடங்களில் அடிச்சட்டத்தோடு தொடர்பே அற்றிருக்கும். அங்கு மறையை இணைத்தால் விளக்கு ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. துருவேறிய இணைப்பு சூடுமேறும். நேருக்கும் மறைக்கும் தனித்தனிக் கம்பியிட்டு, மறையைப் பற்றரிக்கோ அடிச்சட்டத்தில் துரு நீக்கிய ஓரிடத்துக்கோ கொண்டுசெல்வதே நம்பத்தக்கது.

இணைப்புகளை முறுக்கி நாடா சுற்றிவிடுவது இங்கு போதாது. லொறித்தட்டில் யூரியாவும் சாணமும் டொலமைற்றும் ஏறுகின்றன. யூரியாவும் சாணமும் ஈரத்தில் அமோனியாவை வெளிவிட, அமோனியா செம்பை அரிக்கும். நாடா அவிழ்ந்த இணைப்பிற் சில மாதங்களுள் பச்சைப்படிவு தோன்றுவது இதனாலேயே. அழுத்தி இறுக்கும் குழாய் முனைகளாலோ பற்றாசினாலோ இணைத்து, மேலே பசையுள்ள சுருங்கு குழாயை இட்டுச் சூடேற்றி மூடுக.

பட்டியைப் பொருத்துதல்

பட்டியைத் தரையிலோ பலகையின் நடுவிலோ ஒட்டினால் முதல் மூட்டையே அதனைக் கிழித்துவிடும். பக்கப்பலகையின் மேற்சட்டத்துக்குக் கீழ்ப்புறமாக, ஒளி உள்நோக்கிக் கீழே விழுமாறு வைப்பதே பொருத்தம். அங்கே மூட்டை உராய்வதில்லை. படங்கு இழுத்துக் கட்டும்போதும் கயிறு படாது. பட்டியின் பின்புறமுள்ள பசை கண்ணாடியிலும் தகரத்திலும் நிற்கும். தூசும் ஈரமும் ஊறிய பலகையில் நிற்காது. அலுமினிய ஓடையைத் திருகாணியாற் பலகையில் பூட்டி, அதனுள்ளே பட்டியை இடுதல் வேண்டும். ஓடை அடியைத் தாங்குவதோடு வெப்பத்தையும் பரப்பும். திருகாணி ஒருபோதும் பட்டியை ஊடுருவலாகாது.

பட்டியை வெட்டுவதற்கெனக் கத்தரிக் குறியிட்ட இடங்கள் உண்டு. அவற்றிலன்றி வேறெங்கும் வெட்டினால் அக்கூறு முழுவதும் எரியாது போகும். இரு பக்கத்துப் பட்டிகளையும் ஒன்றன் வாலில் மற்றதைத் தொடுக்காது, ஒவ்வொன்றுக்கும் முற்பக்கத்திலிருந்து தனிக்கிளை கொடுக்க. இல்லையேல் பட்டியினுள்ளே உள்ள மெல்லிய செப்புத்தகடே முழு மின்னோட்டத்தையும் சுமந்து தொடக்கத்திற் சூடேறும். கடைசி மூலை மங்கிக் கிடக்கும். அந்த மூலையிலேதான் வெளிச்சம் அதிகம் வேண்டியிருக்கிறது.

நீர்க்காப்பு அளவு ஐ.பி. என்னும் எழுத்துகளோடு எண்ணாற் குறிக்கப்படும். 20 எனக் குறித்தவை வீட்டுக்குள் வைப்பவை. 65 மழைத்தாரையைத் தாங்கும். தட்டைக் குழாய்நீரால் அடித்துக் கழுவும் லொறிக்கு 67 நன்று. ஆனால் வெட்டிய முனையில் இக்காப்பு முழுவதும் போய்விடும் என்பதை மறக்கலாகாது. சிலிக்கன் பசையால் மூடும்போது, வினாகிரி மணம் வீசும் வகையைத் தவிர்க்க. அதிலிருந்து வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். மணமற்ற நடுநிலை வகை என்று கேட்டு வாங்குக.

ஒளியின் நிறமும் கவனிக்கத்தக்கது. நீலங்கலந்த வெள்ளொளி கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றினும், அதிலே கொழுந்தின் சிவந்த இலையையும் கரட்டின் அழுகலையும் பிரித்தறிவது கடினம். பூச்சிகளும் அதனையே அதிகம் நாடும். 4,000 கெல்வின் எனக் குறித்த நடுத்தர வெள்ளொளி தெரிவுக்கு உகந்தது. உருளைக்கிழங்கு ஏற்றுவோர் மற்றொன்றையும் அறிக: நெடுநேரம் ஒளி பட்ட கிழங்கு பச்சையாகி, அதிலே சொலனீன் என்னும் கசப்பு நச்சுப்பொருள் பெருகும். ஏற்றும் ஓரிரு மணி நேர வெளிச்சத்தால் தீங்கில்லை. திறந்த சாக்குகளின் மேல் விளக்கை இரவிரவாக எரியவிட்டு நாட்கணக்கில் வைப்பதே தவறு.

ஆளியும் வீதியும்

ஏற்றுவோருக்கு ஆளி தட்டின் பின்புறத்தில் இருப்பது வசதி. சாரதிக்கு அது ஓட்டுநர் அறையில் இருப்பது வசதி. பின்புறத்தில் வைப்பதாயின் நீர்புகா ஆளியாக இருத்தல் வேண்டும். எங்கு வைத்தாலும், விளக்கு எரிவதைக் காட்டும் சிறு சிவப்புக் குறிவிளக்கு ஒன்று சாரதியின் கண்ணெதிரே இருக்கட்டும். லொறி வீதியில் ஏறுமுன் தட்டு விளக்கு அணைக்கப்பட வேண்டும். பெரகலை வளைவுகளிலும் எல்ல–வெல்லவாய வீதியின் இறக்கத்திலும் பின்னால் வருபவர், முன்னே தெரியும் வெள்ளொளியை எதிரே வரும் வாகனம் என மயங்க இடமுண்டு. லொறியின் சொந்தப் பின்விளக்கும் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். வாகன விளக்குகள் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் பிரமாணங்களுக்கும் அமைந்தவை. அலங்காரத்துக்காகப் பல நிற விளக்குகளை வெளிப்புறத்தில் இட்டோடுவோர் பொலிசாரிடம் அகப்படுவதில் வியப்பில்லை. ஏற்றும் விளக்கு உட்புறம் மட்டுமே ஒளிரட்டும்.

பின்விளக்கின் கம்பியிலிருந்தோ தரிப்பு விளக்கின் கம்பியிலிருந்தோ தட்டு விளக்குக்குக் கிளை எடுப்பதையும் தவிர்க்க. தட்டு விளக்கிற் குறுஞ்சுற்று உண்டானால் உருகி எரிந்து, பின்விளக்கும் அணைந்துவிடும். மூடுபனியில் பின்விளக்கின்றி அப்புத்தளை வீதியில் ஓடும் லொறியின் நிலை எவருக்கும் விளங்கும்.

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். 3.2 அம்பியர் எடுக்கும் பட்டி இரண்டு மணி நேரம் எரிந்தால் 6.4 அம்பியர்-மணி செலவாகும். 70 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அது பொருட்டன்று. அணைக்க மறந்து பத்து மணி நேரம் எரிந்தால் 32 அம்பியர்-மணி போய்விடும், ஏறத்தாழ அரைப்பங்கு. வெலிமடையின் தைமாதக் குளிரிற் பழைய பற்றரி அந்நிலையில் இயந்திரத்தைச் சுழற்ற மறுக்கலாம். ஏற்றிய லீக்ஸும் கோவாவும் வீதியோரத்தில் வாட, சந்தை விலை தவறிப்போகும். அடிக்கடி அரைகுறையாக வற்றிய ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகி, அதன் ஆயுளும் சுருங்கும்.

பார்வையிடுதல்

ஒரு முறை சரியாகப் பொருத்திய பட்டி பல ஆண்டுகள் உழைக்கும், கம்பி அவ்வாறன்று. ஐப்பசி மழை தொடங்குமுன்னும், மழை முடிந்த மாசியிலும் கம்பியின் முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். உறை எங்கேனும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால், அது எதன்மீது உராய்கிறது எனக் கண்டு கட்டை இடம்மாற்றுக. மரக்கறிக் கழிவு தங்கும் தட்டில் எலிகள் வருமாதலின், தட்டின் மூலைகளிற் கடிபட்ட அடையாளமும் இருக்கலாம். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு உருகித்தாங்கியையும் ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையாற் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இருக்கும் இடத்தில் இணைப்புத் தளர்ந்துள்ளது. கழற்றித் துடைத்து மீளப் பூட்டினாற் போதும்.

தீயணைப்பான் உலர்தூள் வகையினதாக, ஓட்டுநர் அறையிற் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். சாக்குகளின் அடியில் அன்று. புகை கண்டவுடன் செய்யவேண்டியது ஏற்றுவோரைத் தட்டிலிருந்து இறக்குவது. அதன்பின் மறைமுனையைக் கழற்றுவது. கழற்றுவதற்கான சாவி பற்றரிப் பெட்டியின் மூடியிலேயே ஒரு கயிற்றிற் கட்டப்பட்டிருக்கட்டும்.